உங்கள் சித்தப்பா கிண்ணியாவில் இருக்கிறார்

கயல், இனியன், நான் திரிகோணமலைக்குப் போய் வந்ததைப் பற்றி நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். யானை பார்த்தாயா, கப்பல் ஆடியதா, என்ன வாங்கி வந்தாய் என்கிறீர்கள். யானை பார்த்தேன். கப்பல் ஆடியது. கொண்டு வந்தது ஒரே ஒரு பொருள், அது உங்கள் சித்தியிடம் இருக்கிறது. வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியை மறைத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். ஐஸ் கம்பெனியில் கட்டி உடைக்கிறவன் எழுத்து இது. எட்டாவதுக்கு மேல் நான் படிக்கவில்லை. பிழை இருந்தால் கயல் திருத்திக்கொள்ளட்டும்.

கார்த்திகை மாதக் காற்றில் சித்தப்பாவின் படகு கவிழ்ந்தது உங்களுக்குத் தெரியும். போன மூவரில் இருவரை வேறு படகுக்காரர்கள் தூக்கி வந்தார்கள். உங்கள் சித்தப்பா குமார் வரவில்லை. அன்றிலிருந்து மல்லிகா சித்தி வீட்டுக் கதவு தாழ் போடப்படவே இல்லை. வந்தால் தட்டிக்கொண்டு நிற்கக் கூடாதாம். தெரு நாய் உள்ளே வந்து படுத்துக்கொள்ளும். சித்தி அதைக்கூட விரட்ட மாட்டாள்.

வைகாசியில் நம் ஒருமை மன்றத்துக்கு ஒரு கடிதம் வந்தது. மன்றம் என்றால் உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைக் கஞ்சிதான் ஞாபகம் வரும். அந்தக் கொட்டகையில் சாமி படம் கிடையாது, ஒரு விளக்குதான். மன்றத்தை ஆரம்பித்த ஐயா சொல்லிவிட்டுப் போனதை எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். உயிர் ஒன்றுதான், உடம்புகள்தான் பல. அடுத்தவன் வலி நம் உடம்பில் தெரியாத வரைக்கும் கண்ணை மூடி உட்கார்வதில் பயனில்லை. கோயிலில் நிற்பவனும் பள்ளிவாசலில் நிற்பவனும் எதிலும் நிற்காதவனும் ஒரே குலம். பதினைந்து வருடமாக ஞாயிறுதோறும் ஐயா எழுதி வைத்த ஏட்டை எடுத்து உரக்க வாசிக்கிறவன் உங்கள் அப்பாதான். நன்றாக வாசிப்பேன் என்று எனக்கு ஒரு பெருமையும் உண்டு.

மன்றத்தில் சேருகிறவர்களுக்கு ஒரு செப்பு வில்லை கொடுப்பார்கள். ஒரு பக்கம் ‘மனித குலம் ஒன்று’ என்றும் மறு பக்கம் மன்றத்தின் பேரும் நம் ஊர்ப் பேரும் இருக்கும். நான் அதைக் கழுத்தில் போட்டிருக்கிறேன். சித்தப்பா கடலுக்குப் போகிறவர், கழுத்துக் கயிறு வலையில் மாட்டும் என்று அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டார்.

கடிதத்தில் நாலு வரிதான் இருந்தது. ‘உங்கள் மன்றத்துச் செப்பு வில்லை என்னிடம் இருக்கிறது. அதை அணிந்திருந்தவரை நான்தான் குளிப்பாட்டி அடக்கம் செய்தேன். அவருக்கு ஆட்கள் இருந்தால் ஒருவர் வரவும். இங்கே யாரிடமும் விசாரிக்க வேண்டாம், நேரே என்னிடம் வரவும்.’ கீழே ஹனீபா, கிண்ணியா என்று கையெழுத்து.

புறப்படுகிற அன்று சித்தி வாசல் வரை வந்தாள். “அத்தான், அவர கொண்டாங்க. முடியலன்னா, அவரு இல்லன்றதயாவது கொண்டாங்க” என்றாள். தாலியைக் கையில் பிடித்துக்கொண்டே சொன்னாள்.

கப்பலில் போய் இறங்கிய முதல் நாள், திரிகோணமலை பஸ் கந்தளாய்க் குளக்கட்டருகே புகை விட்டு நின்றுபோனது. நம் ஊராக இருந்தால் கண்டக்டரின் பரம்பரையையே இழுத்திருப்பார்கள். அங்கே எல்லோரும் இறங்கி மர நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு சிங்கள அம்மா மட்டும் கண்டக்டரிடம் ஏதோ சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற முஸ்லிம் வியாபாரி எனக்குத் தமிழில் சொன்னார்: “பஸ்ஸுக்கு வயசு போயிட்டு, பென்சனக் குடுத்து வீட்ட அனுப்பு எண்டு அந்த மனிசி சொல்றா. இவன் சொல்றான், அப்ப என்னயும் சேத்து அனுப்புவாங்க அம்மே எண்டு.”

அந்த அம்மா பையிலிருந்து அவித்த சோளக்கதிர் இரண்டை எடுத்தார். ஒன்றை முறித்து எனக்குப் பாதி, வியாபாரிக்குப் பாதி. உப்பும் சூடுமாக இருந்தது. குளத்துக்கு அந்தக் கரையில் ஒரு யானை கறுப்புப் பாறை மாதிரி நின்றது, இனியன், அதுதான் நான் பார்த்த யானை. எனக்கு மனம் பொங்கிவிட்டது. பையிலிருந்த நோட்டை எடுத்து, ‘மூன்று மதம், ஒரே சோளம். ஐயா சொன்னதைக் கண்ணால் கண்டேன்’ என்று எழுதினேன். அந்தப் பக்கம் இன்னும் நோட்டில் இருக்கிறது. கிழிக்கவில்லை. சோளத்தில் ஒருமை எவ்வளவு சுலபம் என்பதற்கு அத்தாட்சியாக இருக்கட்டும்.

பஸ் நிலையத்தில் சுதன் ஆட்டோவோடு நின்றான். சண்டைக் காலத்தில் சின்னப் பிள்ளையாக நம் ஊர் அகதி முகாமுக்கு வந்து வளர்ந்தவன். சித்தப்பாவோடு ஒரே பெஞ்சில் படித்தவன். இப்போது பக்கத்தில் சல்லி என்கிற மீனவர் ஊரில் வீடு, பெண்சாதி, மாமனாரின் படகு. அவனிடம் மட்டும் கடிதத்தைப் பற்றிச் சொல்லியிருந்தேன்.

“அண்ணை, நல்லா மெலிஞ்சு போனியள். ஐஸோட ஐஸா நீங்களும் கரையிறியளோ?” என்று சிரித்தான். சிரித்த வாய் மூடுவதற்குள் அழுதுவிட்டான்.

சல்லியில் கரை முழுவதும் மீன் காய்ந்தது. சைக்கிள்கள் மணலில் சரிந்து கிடந்தன. கச்சான் காற்று என்று ஒரு காற்று அந்த மாதத்தில் நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கிறது, அடுப்பைத் திறந்தது போல. சுதனின் மனைவி இடியப்பமும் சொதியும் மீன் தீயலும் வைத்தாள். நம் குழம்பைப் போல இல்லை, தேங்காய்ப்பால் வாசம் தூக்கலாக இருந்தது. சித்தப்பாவுக்குப் பிடித்திருக்கும் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு சாப்பிட முடியவில்லை.

இரண்டாம் நாள் காலை கிண்ணியாவுக்குப் போனோம். நீளமான பாலம், இரண்டு பக்கமும் தண்ணீர். ஹனீபா காக்கா வீடு (காக்கா என்றால் அங்கே அண்ணன்) பள்ளிவாசலுக்குப் பின்னால் இருந்தது. அறுபது வயதுக்கு மேல் இருக்கும், வெள்ளைத் தொப்பி, சாரம், மெல்லிய கைகள். ஊரில் யார் இறந்தாலும் ஆண்களைக் குளிப்பாட்டுவது அவர்தான். மற்ற நாளில் வயல் வேலை. எங்களை நாற்காலியில் உட்காரவைத்து, உள்ளே போய் ஒரு சின்னத் தகரப் பெட்டியைக் கொண்டுவந்தார். திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு பேசினார்.

“ஒங்கட தம்பி போன அதே காத்துலதான் எங்கட ஊர் நசீரும் போனான். ஒரு தோணி, ஒரு ஆள். பதினெட்டு நாளா ஊரே கரையில நிண்டது. பிறகு ஒரு மையித்து ஒதுங்கிச்சு. நீலச் சேட்டு. நசீரும் நீலச் சேட்டுதான். அவன்ட மூத்த காக்கா வந்து, உயரத்தப் பாத்து, சேட்டப் பாத்து, என்ட தம்பிதான் எண்டு சொல்லிட்டான். முகத்த வெச்சுச் சொல்ல ஏலாது தம்பி. கடல் வெச்சிருந்த முகம். விசாரணைக்கு வந்த ஆக்களும் எழுதிக் குடுத்திட்டாங்க.”

மையித்து என்றால் இறந்த உடம்பு, சேட்டு என்றால் சட்டை. முஸ்லிம் மக்கள் இறந்தவரை வைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். கிடைத்த அன்றே, வெளிச்சம் இருக்கும்போதே மண்ணுக்குக் கொடுத்துவிடுவார்கள். காத்திருப்பது இறந்தவருக்குச் செய்கிற மரியாதைக் குறைவு. குளிப்பாட்டுகிற இடத்தில் குளிப்பாட்டுகிறவரைத் தவிர வேறு கண்கள் இருக்கக் கூடாது. இரண்டும் நல்ல வழக்கங்கள்தான். அந்த இரண்டும் சேர்ந்துதான் சித்தப்பாவை அங்கே படுக்கவைத்தன.

“சேட்ட வெட்டி எடுத்தன். இடுப்புல கறுத்தக் கயிறு. அதுல இந்த வில்ல. வேற அடையாளமும் இரிந்திச்சு, அத விடுங்க. எனக்கு அந்த இடத்துலயே விளங்கிட்டு, இது நசீர் இல்ல எண்டு.”

“பிறகேன் வாய் திறக்கயில்லை?” என்றான் சுதன். அவன் குரல் உயர்ந்தது.

“வெளியில முழு ஊரும் நிண்டிச்சு மவன். நான் திரையத் தூக்கி, இது நம்மட ஆள் இல்ல எண்டு சொன்னா, இந்த மையித்து திரும்ப ஆஸ்பத்திரிப் பெட்டிக்குள்ள போகும். யாருமில்லாத மையித்து எண்டு நம்பர் போடுவாங்க. நான் தண்ணி ஊத்திட்டிருக்கிற மனிசன் அவன். கைய விட ஏலாமப் போச்சு.” பெட்டி மூடியைத் துடைத்தார். “அது பாதிதான். மத்தப் பாதி பயம். நசீர்ர பொம்புளைக்கிட்டப் போய் யாரு சொல்ற? நான் கயித்த அறுத்து மடியில வெச்சிட்டன். நம்மட முறையில கபன் போட்டு, தொழுது, அடக்கினம். நசீருக்குக் கபுறு இல்ல தம்பி. ஒங்கட தம்பிதான் அவனுக்குப் பதிலாக் கிடக்கான்.”

கபன் என்றால் அவர்கள் பேச்சில் உடம்பைச் சுற்றுகிற வெள்ளைத் துணி, கபுறு என்றால் கல்லறை.

பெட்டியைத் திறந்தார். கறுப்புக் கயிறு சுருண்டு கிடந்தது. செப்பு பச்சை பிடித்திருந்தது. ‘மனித குலம் ஒன்று’ என்று என் கழுத்தில் இருந்த அதே எழுத்து. அந்த எழுத்தை வைத்துத்தான் அவர், இவன் வேறு ஆள் என்று கண்டுபிடித்திருக்கிறார்.

பிள்ளைகளே, இனி எழுதப்போவது எனக்கு வெட்கம். ஆனாலும் எழுதுகிறேன். அந்த வில்லையைப் பார்த்ததும் பதினைந்து வருடம் வாசித்த ஒரு வரியும் எனக்கு ஞாபகம் வரவில்லை. என் தம்பி தவறான இடத்தில் கிடக்கிறான் என்றுதான் நினைத்தேன். தவறான இடம் என்று தானாகவே வந்தது, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவனுக்குக் கொள்ளி வைக்கவில்லை, நம் ஆட்கள் யாரும் தோள் கொடுக்கவில்லை, தெரியாத பாஷையில் ஏதோ ஓதி மூடிவிட்டார்கள் என்று உடம்பு கொதித்தது. “தோண்டி எடுத்துக் கொடுங்க” என்று கத்தினேன். எனக்காக என் தம்பியைக் குளிப்பாட்டிய கைகளைப் பார்த்துத்தான் கத்தினேன்.

ஹனீபா காக்கா கோபப்படவில்லை. “ஒங்கட உரிம. கோட்டுல வந்து என்ட வாயாலயே சொல்றன். ஊர் என்னத் துப்பினாலும் பறவாயில்ல, பள்ளியில பின் வரிசையில நிண்டாலும் பறவாயில்ல. ஆறு மாசமாத் தொழுகையில அந்தக் கயிறுதான் கண்ணுக்கு முன்னால வருது. ஒண்டு மட்டும் கேக்கன். நசீர்ர வீட்ட ஒருக்காப் போய் இருந்திட்டு முடிவெடுங்க.”

திரும்பும்போது சுதன் ஆட்டோவை முறுக்கிக்கொண்டு ஓட்டினான். “என்ன கதை அண்ணை இது! எங்கட ஆளை அவங்கட குழியில விட்டிட்டுப் போகவோ? குமார் திருவிழாவுக்குக் காவடி எடுத்தவன். நாளைக்கே வழக்குப் போடுங்கோ. நான் வாறன்.” நான் ஓம் என்றேன். ஆமாம் என்பதற்கு அந்த ஊர்ச் சொல், என் வாயிலும் ஒட்டிக்கொண்டது.

மூன்றாம் நாள் திரிகோணமலையில் ஓர்ஸ் ஹில் என்கிற மேட்டில் ஒரு பெண் வக்கீலைப் பார்த்தோம். அவர் வீட்டு முன்னறைதான் அலுவலகம். ஜன்னலில் உள் துறைமுகம் தெரிந்தது. கடல் என்றே சொல்ல முடியாத அசையாத தண்ணீர். சுவர்க் கடிகாரம் நின்றுபோயிருந்தது, அதற்குக் கீழே அலமாரி நிறையக் கோப்புகள்.

“செய்யலாம் ஐயா” என்றார். “நீதவானிட்ட மனு குடுத்து, புதைகுழியைத் திறக்க உத்தரவு எடுக்கலாம். உங்கட இரத்தத்தையும் அவற்ற எலும்பையும் ஒத்துப் பார்ப்பினம். மனுவில அவற்ற மனைவி கையெழுத்து வைக்க வேணும். வில்லையும் ஹனீபாவின்ர சாட்சியும் இருக்கிறபடியால் உத்தரவு கிடைக்கும் எண்டுதான் நினைக்கிறன்.”

“அந்தக் குடும்பத்துக்கு என்ன ஆகும்?” என்று கேட்டேன். அதைக் கேட்க வேண்டும் என்று நான் நினைத்திருக்கவில்லை. வாயில் வந்துவிட்டது.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “மரணப் பதிவு ரத்தாகும். அந்த மனுசன் திரும்பவும் காணாமல் போன ஆள். இந்த ஊரில காணாமல் போன ஆக்களைத் தேடுற பெண்களை எனக்கு நிறையத் தெரியும் ஐயா. போன மனுசனுக்கு வயசு போகாது. தேடுறவைக்குத்தான் போகும்.”

மனுப் படிவத்தை மடித்துக் கொடுத்தார். சுதன் படியிறங்கும்போதே, “பாத்தியளே, உத்தரவு கிடைக்குமாம்” என்றான். நான் படிவத்தைப் பையில் வைத்தேன்.

நான்காம் நாள் தனியாகக் கிண்ணியாவுக்குப் பஸ்ஸில் போனேன். ஹனீபா காக்கா என்னை அந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். “இந்தியாவுல இருந்து வந்திரிக்கார், இவர்ர தம்பியும் அதே காத்துல கடல்ல போனவர்” என்று சொன்னார். பொய் சொல்லவில்லை. மீதியைச் சொல்லவும் இல்லை.

நசீரின் மனைவி ஆமினாவுக்கு மல்லிகா சித்தி வயதுதான் இருக்கும். சமையலறை வாசலில், திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். மகள் ருக்சானா தட்டு கொண்டுவந்து வைத்தாள். கயல், உன் உயரம், உன் வயது. முன் பல் ஒன்று உன்னைப் போலவே ஏறியிருந்தது. சோறு, கணவாய்க் கறி, முருங்கையிலைச் சுண்டல், கடைசியில் மண்சட்டியில் எருமைத் தயிர்.

“சாப்புடுங்க நானா. மீன் தேடிப் போன ஆக்கள்ர வீட்டுல மீன் கறிக்குக் குறை இரிக்கப்படாது” என்றார் ஆமினா. என்னை அண்ணன் என்று கூப்பிட்டார்.

சித்தியைப் பற்றிக் கேட்டார். நான் கதவைத் தாழிடாமல் இருக்கிறதைச் சொன்னேன். அவர் உடனே முகத்தை மூடிக்கொண்டார். கையை எடுத்துவிட்டுச் சொன்னார்: “நானும் பதினெட்டு நாள் அப்பிடித்தான். காத்தடிச்சாலும் எழும்பிப் பாப்பன். மையித்து வந்து அடக்கின அண்டைக்குத்தான் கொண்டி போட்டுப் படுத்தன். அழுதழுதுதான், ஆனா படுத்தன். அவருக்காக நாலு மாசமும் பத்து நாளும் வீட்டோட இரிந்து முடிச்சிட்டன். இப்ப இவள்ர படிப்பப் பாக்கன். அந்த மச்சிக்கு ஒரு மையித்தாவது கிடைக்கணும். அல்லா அவக்கு ஒரு முடிவக் காட்டணும்.”

எனக்குக் கையில் சோறு நின்றுவிட்டது. மடியில் கயிறும் வில்லையும் இருந்தன. பக்கத்தில் பையில் படிவம். ஒரு உடம்பு. அதை வைத்து ஒரு வீட்டுக் கதவைத்தான் தாழிட முடியும்.

“உம்மா, எங்கட முருங்கையச் சொல்லுங்க” என்றாள் ருக்சானா.

“ஓம், கபுறுக்குப் பக்கத்துல ஒரு கொப்பு ஊண்டினம். துளிர்த்திட்டு. இவள் சுவருக்கு வெளியால இரிந்து ஓசுப் பைப்புல தண்ணி அடிக்கிறா. வாப்பாவ நனைக்காத புள்ள எண்டு எல்லாரும் பகிடி பண்றாங்க.” அம்மாவும் மகளும் கொஞ்சம் சிரித்தார்கள்.

எழுந்தபோது ஆமினா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “நானா, ஒங்கட தம்பி எங்க கிடக்காரோ தெரியா. இவ்வளவு தூரம் வந்து சும்மா போகாதீங்க. எங்கட ஆள்ர கபுறடியில போய் நிண்டு அவருக்காகக் கேளுங்க. ரெண்டு பேரும் ஒரே கடல்ல போனவங்கதானே. ஒரு கபுறு போதும்.”

தெரியாமல் சொன்னார். தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. ஐயாவின் ஏட்டில் உள்ளதை யாரும் அவருக்கு வாசித்துக் காட்டியதில்லை. தன்னிடம் இருந்த ஒரே இடத்தில் எனக்கும் பாதி கொடுத்தார், கந்தளாயில் அந்த அம்மா சோளத்தை முறித்தது போல. இந்த முறை நான் நோட்டை எடுக்கவில்லை.

மையவாடி என்கிற அவர்கள் இடுகாடு பள்ளிவாசலுக்குத் தெற்கே இருக்கிறது. பெரிய சமாதிகள் கிடையாது, மணல் மேட்டில் தலைக்கொன்றும் காலுக்கொன்றுமாகக் கட்டைகள். முருங்கை என் முழங்கால் உயரம். ஹனீபா காக்கா தள்ளி நின்றுகொண்டார். தேவாரம் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. மன்றத்து வாசிப்பும் வரவில்லை. “டேய் குமாரு, அண்ணன் வந்திருக்கேன்டா” என்றேன். அவ்வளவுதான் வந்தது.

“அவ என்னட்டக் கேட்டா நான் மறைக்க மாட்டன்” என்றார் ஹனீபா காக்கா. “அவ கேக்கல்ல.”

“நான் தோண்டப் போறதில்ல” என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டே இருந்தார். நன்றி என்று சொல்லவில்லை. அது நன்றி சொல்கிற காரியமாக இருக்கவில்லை.

வெளியே சுதனின் ஆட்டோ நின்றது. என் பின்னாலேயே வந்திருக்கிறான். மையவாடிக்குள் வர மாட்டேன் என்று இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தான். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டான். “விட்டிட்டியள், என்ன? நல்லாப் பெரிய மனுசனாயிட்டியள். குமார்தான் பேரில்லாமல் கிடக்கப் போறான்.” வெகுநேரம் திட்டினான். பிறகு இருக்கைக்கு அடியில் இருந்த ஒரு பிளாஸ்டிக் பையை உதறி நீட்டினான். “மண்ணாவது எடுத்தனீங்களோ? இல்லையே? போய் எடுத்துக்கொண்டு வாங்கோ. அதையும் நான்தான் சொல்ல வேணும்.”

ஐந்தாம் நாள் திரும்பினேன். கப்பலில் எனக்கு ஒரு கர்வம் வந்தது, பிள்ளைகளே, அதையும் மறைக்கவில்லை. ஏட்டை வாசிக்கிறவன் இப்போது அதன்படி நடந்தும் காட்டிவிட்டான் என்று நினைத்தேன். வரும் ஞாயிற்றுக்கிழமை மன்றத்தில் இதைப் பேரில்லாமல் எப்படிச் சொல்லலாம் என்றுகூட யோசித்தேன். நம் கரையில் இறங்கியதும் பையைச் சோதித்த அதிகாரி மண்ணைத் தூக்கிப் பார்த்தார். வெளிநாட்டு மண் கொண்டுவரக் கூடாது, செடிக்கு நோய் வரும், சட்டம் என்றார். எங்கிருந்து எடுத்தது என்று சொன்னேன். அவர் நல்லவர், குரலைத் தாழ்த்தி வருத்தம் சொன்னார். ஆனாலும் குப்பைத் தொட்டியைக் காட்டினார். நானேதான் கொட்டினேன்.

வீட்டுக்கு வராமல் நேரே சித்தி வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. கயிற்றையும் வில்லையையும் அவள் கையில் வைத்தேன். பார்த்ததும் தெரிந்துகொண்டாள், கயிற்றை முடிந்துவிட்டவளே அவள்தானே. அவள் அழுது முடிக்கும்வரை இருந்தேன். பிறகு ஆமினாவைப் பற்றி, முருங்கையைப் பற்றி, நான் எடுத்த முடிவைப் பற்றி எல்லாம் சொன்னேன். ஒன்றுவிடாமல் சொன்னேன், கொஞ்சம் அழகாகவும் சொன்னேன்.

சித்தி நிமிர்ந்து பார்த்தாள். “யார கேட்டுக் குடுத்தீங்க அத்தான்?” என்றாள்.

கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“அவரு உங்க தம்பி. எனக்குப் புருஷன். எல்லாரும் ஒண்ணுன்னு நீங்க வாரா வாரம் படிக்கிறீங்க. அந்த ஒண்ணுல நான் இல்லையா? தூக்கிக் குடுத்துட்டு வந்திருக்கீங்க, என்னோடதா பாத்து.”

கிண்ணியாவில் நான் விட்டுக்கொடுத்ததாக நினைத்தேன். விட்டுக்கொடுத்தது அவள், அவளைக் கேட்காமலே. படிவத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். “இதில் உன் கையெழுத்து வேணும். நீ போட்டால் நாளைக்கே திரும்பிப் போகிறேன், நானே தோண்டி எடுத்து வருகிறேன்” என்றேன். அப்படியே செய்திருப்பேன்.

அந்த ஞாயிறு நான் மன்றத்தில் வாசிக்கவில்லை. தொண்டை சரியில்லை என்று வேறொருவரிடம் ஏட்டைக் கொடுத்துவிட்டுக் கடைசியில் உட்கார்ந்தேன். நீங்கள் ஏன் என்று கேட்டீர்கள், இதுதான் காரணம்.

ஒன்பது நாள் சித்தி என்னோடு பேசவில்லை. பத்தாம் நாள் ஐஸ் கம்பெனிக்கே வந்தாள். படிவம் கையில் இருந்தது. கையெழுத்து இல்லை.

“அந்தப் புள்ள பேரு என்ன சொன்னீங்க?”

“ருக்சானா.”

“தண்ணி ஊத்துறது அதுதானே?” கொஞ்ச நேரம் உருகி ஓடுகிற ஐஸ் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “அந்தம்மா போட்ட தாழ்ப்பாளப் போய்த் திறக்க என்னால முடியல அத்தான். எழுதப் பேனாவ எடுத்தா அந்தப் புள்ளதான் தெரியுது. ஆனா என் கதவச் சாத்தவும் முடியல. வில்லயக் கையில வச்சிக்கிட்டே வாசலப் பாக்கறேன். அவரு செத்துட்டாருன்னு தெரியுது. இருந்தும் பாக்கறேன்.” படிவத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

இதற்கு மேல் சொல்ல எனக்கு ஏடும் இல்லை, படிப்பும் இல்லை. உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இனி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இருவரும் சித்தி வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பாடம் படியுங்கள். விளக்கு வைத்த பிறகு நான் வந்து கூட்டிக்கொண்டு வருகிறேன். அங்கே போடுகிறதைச் சாப்பிடுங்கள். நாய் படுத்திருந்தால் படுத்திருக்கட்டும். சித்தி வாசலைப் பார்த்தால் என்ன பார்க்கிறாய் என்று கேட்காதீர்கள். காற்றடித்து நோட்டுத் தாள் பறந்தால் கல் வைத்துக்கொள்ளுங்கள்.

கதவை மட்டும் சாத்தாதீர்கள்.